டுப்ரோவ்னிக்: அக்டோபரில் போகலாமா, தீபாவளி கழிந்தா?

நாகலூர்_காபி:
ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். அம்மா, அப்பாவைக் கூட்டிக்கொண்டு குரோஷியாவில் டுப்ரோவ்னிக் போக ஆசை. டிசம்பர் வந்துவிட்டால் தோட்டத்தில் காபிப் பழம் பறிப்பு, நகர முடியாது. கோடையில் சொகுசுக் கப்பல் கூட்டம் தாங்காது என்கிறார்கள். அதனால் அக்டோபர் அல்லது தீபாவளி கழிந்து நவம்பர். நவம்பரில் ரூம் வாடகை நன்றாகவே குறைகிறது, மழைக்கும் நாங்கள் பயப்படுகிற ஆள் இல்லை, ஐப்பசியில் இங்கே பெய்யாத மழையா. ஆனால் அம்மாவுக்கு மூட்டுவலி, சுத்த சைவம் வேறு. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி_ஆள்:
அக்டோபர்தான் அண்ணா, அதிலும் கடைசி ஞாயிற்றுக்கு முன்னால். அன்றைக்கு ஐரோப்பிய ஒன்றியம் முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்துவிடுவார்கள், அதுவரை ஆறு மணி வரை இருக்கிற வெளிச்சம் நவம்பரில் நாலரைக்கே போய்விடும், பழைய நகரத்தைச் சுற்றியுள்ள கோட்டை மதிலையும் சீக்கிரம் மூடிவிடுவார்கள். மழை அதிகம் பெய்கிற மாதமும் அங்கே நவம்பர்தான். அக்டோபர் என்றால் கடல் தண்ணீர்கூட 20 டிகிரி வாக்கில் இருக்கும், அப்பா தாராளமாகக் குளிக்கலாம்.

மதில் 1,940 மீட்டர், ஒரே திசையில்தான் சுற்ற முடியும், ஏறுகிற படிகள் செங்குத்து. அம்மாவுக்கு அது வேண்டாம். கீழே ஸ்ட்ராடுன் என்கிற பெரிய வீதி சமதளம், 1317 முதல் இருக்கிற பிரான்சிஸ்கன் மடத்து மருந்துக் கடையும் 1667 நிலநடுக்கத்தில் தப்பிய ஸ்பொன்சா மாளிகையும் அந்த வீதியிலேயே இருக்கின்றன. ஒன்று மட்டும், அந்த வீதியில் பாவிய சுண்ணாம்புக் கல் தேய்ந்து பளபளவென்று கிடக்கும், மழை பட்டால் வழுக்கும். நல்ல பிடிப்புள்ள ஷூ கட்டாயம்.

செவ்வாய்ப்பேட்டை:
பழைய நகரத்துக்குள் ரூம் போடாதீர்கள். வண்டி போகாது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏற வேண்டும், அம்மாவோடு அது நடக்காது. வெளியே லபாட் என்கிற பகுதியில் தங்கினால் 6ஆம் நம்பர் பஸ் பழைய நகரத்தின் பிலே வாசலிலேயே இறக்கிவிடும். டுப்ரோவ்னிக் பாஸ் வாங்குங்கள், மதில் டிக்கெட்டும் பஸ்ஸும் அதிலேயே அடக்கம்.

ஊருக்கு மேலே இருக்கிற ஸ்ர்ஜ் மலை 412 மீட்டர்தான், ஏற்காட்டுக்காரருக்கு அது மேடு. ஆனாலும் கேபிள் காரில் போய்ப் பாருங்கள், பலமான காற்று அடித்தால் ஓட்ட மாட்டார்கள் என்பதால் முதல் நல்ல நாளிலேயே போய்விடுவது புத்திசாலித்தனம். உச்சியில் ஒரு கோட்டைக்குள் போர் அருங்காட்சியகம் இருக்கிறது. 1991 அக்டோபரில் யூகோஸ்லாவிய ராணுவத்தின் முற்றுகை தொடங்கி, டிசம்பர் 6 அன்று பழைய நகரத்தின் மேலேயே குண்டு மழை. மதிலிலிருந்து பார்த்தால் கூரைகளில் பளிச்சென்று சிவப்பாக இருப்பவை பெரும்பாலும் அதற்கப்புறம் போட்ட ஓடுகள், மங்கலானவை பழையவை. எல்லோரும் கடலைப் படம் எடுக்கிறார்கள், நான் அந்த ஓடுகளைத்தான் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

கொண்டலாம்பட்டி_அக்கா:
சாப்பாட்டைப் பற்றி ஒருத்தரும் சொல்லவில்லையே! கறுப்பாக ஒரு சோறு கொண்டு வருவார்கள், பார்த்தால் எள்ளுச் சோறு மாதிரியே இருக்கும், கணவாய் மீன் மையில் செய்தது, தெரியாமல் அம்மாவுக்கு வாங்கிவிடாதீர்கள். சூப்பிலும் இறைச்சி வேகவைத்த தண்ணீரா என்று கேளுங்கள். பிளித்வா என்று கீரையும் உருளைக்கிழங்கும் பூண்டு, ஆலிவ் எண்ணெயோடு தருவார்கள், அது அவருக்குப் பிடிக்கும். சமையலறை உள்ள வீடாக எடுத்து, பருப்புப் பொடி, ரசப் பொடி கொண்டு போய்விட்டால் கவலையே இல்லை. நெய், பால்கோவா எடுக்காதீர்கள் தம்பி, பால் பொருளை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விட மாட்டார்கள்.

நாகலூர்_காபி:
சரி, அக்டோபர் மூன்றாவது வாரம் என்று வைத்துக்கொள்கிறேன். விசா ஷெங்கன்தானே, பல ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா?

அஸ்தம்பட்டி_ஆள்:
ஆமாம், 2023 ஜனவரி 1 முதல் குரோஷியா ஷெங்கனில் இருக்கிறது, பணமும் யூரோதான். ஆறு மாதம் முன்னாலேயே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு மூன்று பேருக்கும் வேண்டும், அப்பாவுக்குச் சர்க்கரை ஏதாவது இருந்தால் அதற்கும் பாலிசி பொருந்துமா என்று கேட்டுவிட்டு எடுங்கள்.