தூரம் அதேதான், நேரம் மட்டும் ஏன் மாறுகிறது?

போன ஜனவரியில் லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் ஜே.எஃப்.கே. போனேன். பக்கத்து இருக்கைப் பெரியவர் டிக்கெட்டைக் காட்டி, "பத்து மணிக்குக் கிளம்பி ஒரு மணிக்கு இறங்குறோம், மூணு மணி நேரம்தானே தம்பி?" என்றார். ரெண்டுமே அந்தந்த ஊர் நேரம், நியூயார்க் கடிகாரம் ஐந்து மணி நேரம் பின்னால் ஓடுகிறது, ஆக எட்டு மணி நேரம் என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. கையில் இருந்த ஒரே வாரப் பத்திரிகையை அதற்குள் பாதி முடித்திருந்தார்.

இரண்டுக்கும் இடையே சுமார் 5,540 கி.மீ. போகும்போது முன்திரையில் தரைவேகம், அதாவது தரையை வைத்துக் கணக்கிடும் வேகம், மணிக்கு 740 கி.மீ. பக்கமே நின்றது. திரும்பும்போது 1,080! ஏழே முக்கால் மணி நேரம் பறந்த தூரத்தை ஆறு மணிக்குள் கடந்துவிட்டோம். எல்லாம் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் ஸ்ட்ரீம் காற்றின் வேலை. குளிர்காலத்தில் அதன் வேகம் கூடும்.

* * *

2020 பிப்ரவரியில் புயலோடு சேர்ந்து இதே காற்று வலுத்தபோது, நியூயார்க்கிலிருந்து ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் வந்து சேர்ந்தது. தரைவேகம் 1,300 கி.மீ.யைத் தொட்டும் ஒலியின் வேகத்தை மீறியதாகக் கணக்கில்லை. சுற்றியிருக்கும் காற்றோடு ஒப்பிட்டால் அது வழக்கமான வேகம்தான்.

எனக்குப் பிடித்த உதாரணம் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா அட்லாண்டிக்கை விட்டுப் பசிபிக் வழியாகப் பறந்தது. சுமார் 1,400 கி.மீ. கூடுதல், மொத்தம் 15,300. ஆனால் காற்று பின்னாலிருந்து தள்ள, கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் மிச்சம். சுற்றிப் போனவர் முன்னால் போய்ச் சேர்ந்தார்!

* * *

நான் பட்டது வேறு விதம். ஒரு குட்டி விமானப் பயணத்துக்கு, தூரம் கணக்கிடும் ஒரு இணையதளம் 1 மணி 5 நிமிடம் என்றது. டிக்கெட்டில் 1 மணி 40. சும்மா கூட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று நானே முடிவு செய்து, அடுத்த விமானத்துக்குத் தனி டிக்கெட் எடுத்தேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு.

தளம் சொன்னது நேர்கோட்டுத் தூரத்தை வேகத்தால் வகுத்து வந்த நேரம். டிக்கெட்டில் இருப்பதோ கேட்டிலிருந்து கேட் வரை, அதாவது விமானம் நிலையத்தில் நின்ற இடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து அடுத்த நிலையத்தில் போய் நிற்கும் வரை. ஓடுபாதைக்கு வரிசையில் 25 நிமிடம் நின்றோம். அப்புறம் இறங்க அனுமதி கிடைக்காமல் வானத்திலேயே நாலு சுற்று. ஜன்னல் வழியே அதே ஏரி நாலு தடவை வந்து போனது. பையோடு ஓடி கவுன்ட்டரை அடைந்தபோது அதை மூடி பத்து நிமிடம் ஆகியிருந்தது. தனி டிக்கெட் என்பதால் யாருக்கும் பொறுப்பில்லை, புதுசாக ஒன்று வாங்கினேன்.

* * *

அந்தப் பெரியவர் இறங்கும்போது என்னிடம் கேட்டது: "திரும்பி வரும்போதாவது மூணு மணி நேரம் ஆகுமா?"