குறிப்பேட்டுச் செயலியின் சாளர அமைப்பு: பாதித் திரையில் எழுத இடம் போதவில்லை

வைகைக்கரை (கேள்வி)

வணக்கம். ஓராண்டாக ஓய்வு நேரங்களில் லினக்ஸ் கணினிக்கான குறிப்பேட்டுச் செயலி ஒன்றைப் பைத்தான் மொழியில், சாளரங்களை அமைக்க உதவும் ஜிடிகே 4 நூலகத்தைக் கொண்டு எழுதி வருகிறேன். தோற்றத்துக்கு லிப்அத்வைதா நூலகத்தைப் பயன்படுத்துகிறேன். எழுதுவது, தேடுவது, சேமிப்பது எல்லாம் ஒழுங்காக நடக்கின்றன. சாளர அமைப்பில்தான் எனக்கு நிறைவில்லை.

சாளரம் மூன்று பகுதிகளாகப் பிரிந்துள்ளது. இடது ஓரத்தில் குறிப்பேடுகளின் பட்டியல் 220 பிக்சல், அதையடுத்துக் குறிப்புகளின் பட்டியல் 260 பிக்சல், மீதமுள்ள இடம் எழுதும் பரப்பு. என் மேசைக் கணினியின் பெரிய திரையில் இதில் ஒரு குறையும் தெரியவில்லை. பள்ளி ஆசிரியையான என் அக்கா பயன்படுத்தத் தொடங்கிய பிறகுதான் குறை புரிந்தது. அவருடைய மடிக்கணினித் திரை 1366×768 அளவுடையது. இடப் பாதியில் பாடநூலின் பிடிஎஃப்பையும் வலப் பாதியில் என் செயலியையும் வைத்துக்கொண்டு பாடக்குறிப்பு எழுதுகிறார். பாதித் திரை என்றால் 683 பிக்சல். பட்டியல்கள் இரண்டுக்கும் 480 போனால் எழுதுவதற்கு 203 பிக்சல்தான் மிஞ்சுகிறது. அருகில் உட்கார்ந்து பார்த்தேன்: ஒரு வரியில் இரண்டு சொற்கள், சில வரிகளில் ஒரே சொல். நான்கு வாக்கியம் எழுதுவதற்குள் பக்கம் கீழே ஓடிவிடுகிறது.

வேறு மூன்று குறைகளையும் அவர் சொன்னார். தட்டச்சு செய்யும்போது மேலே நடுவிலுள்ள தலைப்பு இடமும் வலமுமாக அசைகிறது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சாளரம் பழைய அளவிலும் இடத்திலும் வருவதில்லை. பட்டியலில் ‘எட்டாம் வகுப்பு நாட்குறிப்பு’ என்ற தலைப்பு ‘எட்டாம் வகுப்பு நாட்…’ என்று சரியாகவே சுருங்குகிறது. ‘ஒன்பதாம் வகுப்பு நாட்குறிப்பு’ மட்டும் ‘ஒன்பதாம் வகுப்பு நாட…’ என்று புள்ளியை இழந்து நிற்கிறது. எதை முதலில் திருத்துவது, எப்படித் திருத்துவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

நெய்தல்

அகலத்தை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவை அதற்குப் பிறகு எளிதாகிவிடும். மூன்று பகுதிகளும் எப்போதும் ஒருசேரத் தெரிய வேண்டும் என்று வைத்துக்கொண்டதே சிக்கலின் வேர். லிப்அத்வைதா 1.4 பதிப்பில் (2023) இதற்கென்றே நேவிகேஷன் ஸ்ப்ளிட் வியூ, ஓவர்லே ஸ்ப்ளிட் வியூ என்ற இரண்டு விட்ஜெட்டுகளும் (சாளரத்தை ஆக்கும் உறுப்புகள்), சாளரம் குறிப்பிட்ட அகலத்துக்குக் கீழே போகும்போது அமைப்பை மாற்றும் பிரேக்பாயிண்ட் வசதியும் வந்துவிட்டன. அகலம் 860-க்குக் கீழே இறங்கினால் குறிப்பேடுகளின் பட்டியல் மறையட்டும். 500-க்குக் கீழே இறங்கினால் ஒரு நேரத்தில் ஒரு பகுதி மட்டும் தெரியட்டும். உங்கள் அக்காவின் பாதித் திரையில் அப்போது 683-இல் 260 மட்டுமே கழியும். எழுத 423 பிக்சல் கிடைக்கும், அதாவது இப்போதிருப்பதைவிட இரு மடங்குக்கும் மேல்.

இந்த எல்லைகளைப் பிக்சலில் கொடுக்காமல், எழுத்தின் அளவோடு சேர்ந்து மாறும் ‘எஸ்பி’ என்ற அலகில் கொடுங்கள். பயனர் தம் கணினியில் ‘பெரிய எழுத்து’ அமைப்பை இயக்கினால் குனோம் என்ற லினக்ஸ் மேசைச்சூழலில் எழுத்து 1.25 மடங்காகிறது, எஸ்பியில் கொடுத்த 860 அப்போது 1075 பிக்சலாக உயரும். எழுத்து பெரிதானவருக்குப் பட்டியல் முன்னதாகவே விலகி இடம் கொடுக்க வேண்டுமல்லவா? பிக்சலில் கொடுத்தால், கண் பார்வை குறைந்தவர்களுக்குத்தான் இடமும் குறையும்.

ஏட்டுச்சுவடி

நெய்தல் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் பட்டியல் தானாக மறைவதில் ஒரு கவனம் தேவை. நாம் ஒரு பொருளை எங்கே வைத்தோமோ அங்கேதான் கை முதலில் போகும். அங்கே அது இல்லையென்றால், அது தொலைந்துவிட்டதென்றே பயனர் நினைப்பார். எனவே பட்டியலைத் திறக்கும் பொத்தான் எந்த அகலத்திலும் தலைப்புப் பட்டையின் இடது முனையில், ஒரே இடத்தில் நிற்க வேண்டும். குனோம் செயலிகள் பலவற்றில் பக்கப் பட்டியலை மறைக்கவும் காட்டவும் எஃப்9 விசை பயன்படுகிறது. அதையே நீங்களும் வைத்தால் பழகியவர்களின் விரல் தானாகத் தேடிப் போகும். பயனர் தாமே மறைத்த பட்டியலைச் சாளரம் அகன்றவுடன் நீங்களாகத் திறந்துவிடாதீர்கள். அவர் வேண்டுமென்றே செய்ததைச் செயலி மாற்றக் கூடாது.

தலைப்பு அசைவதன் காரணத்தை ஊகிக்க முடிகிறது. தலைப்புப் பட்டையில் ‘சேமிக்கப்படுகிறது’, ‘சேமிக்கப்பட்டது’ என்று மாறி மாறிக் காட்டுகிறீர்கள் என நினைக்கிறேன். இரண்டின் அகலமும் வேறு. இடம் நெருக்கடியாக இருக்கும்போது பக்கத்தில் நிற்கும் சொல் நீண்டால் நடுவிலுள்ள தலைப்பு நகர்ந்தாக வேண்டும். அந்தச் சொல்லையே எடுத்துவிடுங்கள் என்பது என் கருத்து. தானாகச் சேமிக்கும் செயலி, தன் கடமையைச் செய்ததாக நொடிக்கொரு முறை அறிவிக்க வேண்டியதில்லை. வட்டில் இடமில்லாமலோ அனுமதி இல்லாமலோ சேமிக்க முடியாதபோது மட்டும் எழுதும் பரப்பின் மேல் ஒரு பட்டையில் தெளிவாகச் சொன்னால் போதும். குறிப்பை நீக்கும்போதும் ‘உறுதியாகவா?’ என்று கேட்டு நிறுத்தாமல், நீக்கிவிட்டு, கீழே சில நொடிகள் ‘மீட்டெடு’ பொத்தானைக் காட்டுவது நல்லது.

உயரத்தையும் கவனியுங்கள். 768 பிக்சல் உயரத்தில் தலைப்பு, பட்டி, கருவிப்பட்டை என்று மூன்று அடுக்குகள் வைத்திருந்தால் அவற்றை ஒரே தலைப்புப் பட்டையாக்கிவிடுங்கள்.

சாளரத்தின் அளவைச் சேமித்து மீட்டெடுக்க முடியும். ஆனால் லினக்ஸில் சாளரங்களைத் திரையில் காட்டும் வேலாண்டு அமைப்பில் ஒரு செயலி தன் சாளரம் திரையில் எங்கே நிற்க வேண்டும் என்று தானே முடிவு செய்ய இயலாது. அதை அக்காவிடம் சொல்லிவிடுவது நேர்மை.

மெய்யெழுத்து

புள்ளி மறையும் குறைக்கு நான் பதில் சொல்கிறேன். பட்டியலில் தலைப்பைக் குறுக்க, பைத்தானில் முதல் 20 எழுத்துகளை வெட்டி மூன்று புள்ளிகளைச் சேர்க்கிறீர்கள் போலிருக்கிறது. பைத்தான் எண்ணுவது நாம் எண்ணும் எழுத்துகளை அல்ல, யூனிகோடு குறியீடுகளை; அதில் புள்ளியும் துணைக்குறிகளும் தனித்தனிக் குறியீடுகள். ‘நாட்குறிப்பு’ நமக்கு ஆறு எழுத்து, பைத்தானுக்குப் பன்னிரண்டு. ‘எட்டாம் வகுப்பு நாட்’ என்பதில் புள்ளி சரியாக இருபதாவது குறியீடாக விழுகிறது, அதனால் தப்பித்தது. ‘ஒன்பதாம்’ ஒரு குறியீடு கூடுதல் என்பதால் இருபதாவது இடத்தில் ‘ட’ வந்து, புள்ளி இருபத்தொன்றாவதாகி வெட்டுப்பட்டது. எண்ணை 25 என்றோ 30 என்றோ மாற்றினால் வேறு ஏதோ ஒரு தலைப்பில் இதே பிழை வரும். நீங்கள் வெட்டவே வேண்டாம். முழுத் தலைப்பையும் எழுத்தைக் காட்டும் லேபிள் விட்ஜெட்டிடம் கொடுத்து, முடிவில் சுருக்கும் ‘எலிப்சைஸ்’ பண்பை இயக்கிவிட்டால், இருக்கும் அகலத்தைப் பார்த்துப் பாங்கோ நூலகம் எழுத்தைச் சிதைக்காமல் சுருக்கிக்கொள்ளும்.

தமிழுக்காக இன்னும் இரண்டு செய்ய வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு வரிக்கு 45 முதல் 75 எழுத்துகள் வரை இருந்தால் படிக்க எளிது என்பது அச்சுக்கலையில் வழங்கும் அளவு. தமிழில் எழுத்தும் அகலம், சொல்லும் நீளம் என்பதால் அந்தக் கணக்கில் நிறுத்தும் எழுதும் பரப்பு நமக்குக் குறுகலாகிவிடும். அதிகபட்ச அகலத்தை உண்மையான தமிழ்ப் பத்தி ஒன்றை வைத்துப் பார்த்துத் தீர்மானியுங்கள். வரி மடிப்பை ‘சொல்’ என்று மட்டும் வைக்காமல் ‘சொல், முடியாவிட்டால் எழுத்து’ என்று வையுங்கள். ‘கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ போன்ற ஒரு சொல் குறுகிய சாளரத்தில் வந்தால் வரி வலப்புறம் ஓடி மறையும். மேல் வரியின் ‘ழு’, ‘ணூ’ ஆகியவற்றின் கால்களும் கீழ் வரியின் ‘கீ’, ‘றி’ ஆகியவற்றின் வளைவுகளும் முட்டிக்கொள்ளாமலிருக்க, ஒரு பத்திக்குள் மடங்கும் வரிகளுக்கு நடுவே நான்கைந்து பிக்சல் இடைவெளி கொடுங்கள். எழுதும் பரப்பாக அமையும் டெக்ஸ்ட் வியூ விட்ஜெட்டில் அதற்கான பண்பின் இயல்பான மதிப்பு சுழியம். தமிழில் எழுதுபவருக்கு அது போதவே போதாது.

வைகைக்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு வாரமாக இவற்றைச் செய்து பார்த்தேன். தலைப்பை வெட்டும் வரியை நீக்கினேன். நிரலில் நான் எழுதியிருந்த எண் 20-தான். சேமிப்புச் சொல்லை எடுத்தவுடன் தலைப்பு அசையவில்லை. பாதித் திரையில் குறிப்பேடுகள் மறைகின்றன, எழுத 423 பிக்சல் கிடைக்கிறது. அக்கா எஃப்9 அழுத்திக் குறிப்புகளின் பட்டியலையும் மறைத்துவிட்டு முழு அகலத்திலும் எழுதுகிறார்.

ஒன்று மட்டும் மீதி. முழுத் திரையில் வரி நீளாமலிருக்க, அகலத்துக்கு வரம்பிடும் கிளாம்ப் விட்ஜெட் ஒன்றுக்குள் எழுதும் பரப்பை வைத்தேன். இப்போது இரு ஓரங்களிலும் உள்ள வெற்றிடத்தில் சுட்டியை வைத்து உருட்டினால் பக்கம் நகர்வதில்லை, சொடுக்கினால் எழுதுமிடமும் மாறுவதில்லை.

நெய்தல்

கிளாம்ப், உருட்டலைக் கவனிக்கும் ஸ்க்ரோல்டு விண்டோவுக்கு வெளியே இருப்பதால் உருள்வதில்லை. அதை உள்ளே கொண்டுவர, கிளாம்ப் ஸ்க்ரோலபிள் என்ற தனி விட்ஜெட் உள்ளது. ஆனால் அதிலும் ஓரத்தில் சொடுக்குவது எழுதும் பரப்புக்குப் போய்ச் சேராது. கிளாம்பை விட்டுவிடுங்கள். டெக்ஸ்ட் வியூ முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளட்டும். அகலம் மாறும்போதெல்லாம் இட ஓரத்தையும் வல ஓரத்தையும் கணக்கிட்டு அதற்கே கொடுங்கள். பரப்பு 1000 பிக்சல், வரிக்கு 720 போதும் என்றால் ஓரத்துக்கு 140. அந்த ஓரமும் டெக்ஸ்ட் வியூவின் பகுதியே என்பதால் உருட்டலும் சொடுக்கலும் அங்கே வேலை செய்யும்.