பீட் ஆலை ஸ்லைசரில் கத்தி மாற்றும்போது யாரும் பூட்டுப் போடுவதில்லை, நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

சீவல்மேடை எழுதியது:

பத்து வருடம் கரும்பு ஆலையில் மில் பராமரிப்பு பார்த்துவிட்டு பீட் சர்க்கரை ஆலைக்கு மாறியவன் நான். இது இரண்டாவது சீசன். சாற்றைச் சுண்டவைக்கும் எவாப்பரேட்டர், சர்க்கரையைப் படிகமாக்கும் பேன், அதைப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூகல் எல்லாம் பழகியவைதான், சாறு எடுக்கிற முன்பகுதிதான் புதிது. இங்கே அரவை என்ற பேச்சே இல்லை. கிழங்கைக் கழுவி, கத்தியில் நீளநீளமாகச் சீவி, 70 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே சூடான நீரை எதிர்த்திசையில் ஓடவிட்டு சர்க்கரையை இறக்குகிறார்கள், பிழிவதெல்லாம் கடைசியில் சக்கையைத்தான்.

என் தலைவலி டிரம் ஸ்லைசர், அதாவது கிழங்கைச் சீவும் உருளை மெஷின். கல் ஒன்று கல்பிடிக்கும் தொட்டியைத் தாண்டி வந்துவிட்டால் கத்தியின் பல் உடைகிறது, சீவல் கூழாகிறது, கூழ் போய், சர்க்கரையை இறக்கும் டிஃப்யூசரின் சல்லடையை அடைக்கிறது, அப்புறம் எல்லோரும் பராமரிப்புக்காரனைத்தான் திட்டுகிறார்கள். மோசமான நாளில் ஒரு ஷிஃப்டுக்குள்ளேயே பல தடவை, கத்திகள் பொருத்திய பெட்டியை மாற்ற வேண்டியிருக்கிறது. முறைப்படி செய்தால் ஒவ்வொரு தடவையும் இரண்டு தளம் கீழே இறங்கி, மோட்டார் பேனல் அறைக்குப் போய், மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டிவிட்டு மேலே வர வேண்டும். கத்தி மாற்ற ஆகும் நேரத்தை விட இதற்கு அதிக நேரம். அதனால் என்ன நடக்கும்? எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்திவிட்டு கையை உள்ளே விடுகிறார்கள்.

போன மாதம் ஒருவர் அப்படிக் கையை விட்டிருந்தபோது, அடுத்த பெட்டியை மெஷின் வாசலுக்குக் கொண்டுவர வேண்டும் என்று நினைத்து பேனல் பக்கம் நின்ற உதவியாளர் டிரம்மைக் கொஞ்சம் நகர்த்திவிட்டார். கையுறை உள்ளே போய்விட்டது, கை வெளியே வந்துவிட்டது. நிர்வாகம் எடுத்த நடவடிக்கை: சுவரில் புதிதாக ஒரு எச்சரிக்கைப் பலகை, எல்லோரிடமும் ஒரு கையெழுத்து.

பயிற்சி கொடுங்கள் என்று தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம், கொடுத்தாயிற்று. வேலையும் சுலபமாகி, ஆபத்தும் குறைந்த மாதிரி நீங்கள் செய்து பார்த்தது என்ன? ஸ்லைசர் மட்டும் இல்லை, ஆலையின் எந்தப் பகுதியாக இருந்தாலும் சொல்லுங்கள்.

---

பழைய ஃபிட்டர் எழுதியது:

எமர்ஜென்சி ஸ்டாப் கட்டுப்பாட்டுச் சர்க்யூட்டைத்தான் வெட்டுகிறது, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை இல்லை. இன்னொருவர் அதை இழுத்துவிட்டு ஸ்டார்ட் அழுத்தினால் கதை முடிந்தது. இது உங்களுக்குத் தெரியாததில்லை, ஆனால் உங்கள் ஆட்களில் பாதிப் பேர் அதைப் பூட்டாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

ஐசொலேட்டரை ஸ்லைசர் மேடைக்கே கொண்டுவாருங்கள். பூட்டுப் போடும் துளையுள்ள சுவிட்ச், மெஷினிலிருந்து கைக்கு எட்டும் தூரத்தில். வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் சொந்தப் பூட்டு, அந்தப் பூட்டுக்கு ஒரே ஒரு சாவி, அது அவர் பாக்கெட்டில். பூட்டிய பிறகு ஒரு தடவை ஸ்டார்ட்டை அழுத்திப் பார்க்க வேண்டும், இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நான் ஒரு தடவை பூட்டிவிட்டு அழுத்திப் பார்த்தபோது பக்கத்து மோட்டார் நின்றிருந்தது, என் மோட்டார் ஓடியது. பேனலில் பெயர்ப்பலகை மாறியிருந்திருக்கிறது, எத்தனை வருடமாகவோ.

ஆனால் உங்கள் கதையில் உண்மையான சிக்கல் வேறு. கத்தி மாற்றுவதில் டிரம்மை நகர்த்துவதும் வேலையின் ஒரு பகுதி. ஒரு பெட்டி முடிந்ததும் அடுத்தது வாசலுக்கு வர வேண்டும். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பூட்டைத் திறந்து திறந்து மூடு என்றால் மனிதன் செய்ய மாட்டான். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி 1910.147 கூட, உற்பத்தியோடு சேர்ந்த, திரும்பத் திரும்ப வரும் சிறு வேலைகளுக்கு முழுப் பூட்டிலிருந்து விலக்கு தருகிறது, ஆனால் அதற்குச் சமமான வேறு பாதுகாப்பு இருந்தால் மட்டும்தான். அந்த வேறு பாதுகாப்பு என்னவென்றால்: நகர்த்தும் பட்டன் கத்தி மாற்றுபவர் கையிலேயே இருக்க வேண்டும், வயரில் தொங்கும் பெண்டன்ட். அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் டிரம் மெதுவாக நகரும், விட்டால் நிற்கும். அந்த நிலையில் வேறு எந்த இடத்திலிருந்தும் ஸ்டார்ட் ஆகக் கூடாது, அதற்கு ஒரு சாவி சுவிட்ச். நின்றதும் டிரம்மில் ஒரு பூட்டு ஊசி செருக வேண்டும். உங்கள் உதவியாளருக்கு அந்தப் பேனல் பக்கம் வேலையே இருக்காது.

கத்தியை மெஷின் மேல் வைத்து மாற்றுகிறீர்களா? கத்தி அறையில் உட்கார்ந்து, கேஜ் வைத்து உயரம் பார்த்துப் பெட்டியில் பொருத்தி, தயாரான பெட்டிகளை இடுப்பு உயர டிராலியில் கொண்டுவந்து நிறுத்துங்கள். மேலே நடப்பது பெட்டியை இழுப்பதும் தள்ளுவதும் மட்டும்தான். வெட்டுத் தாங்கும் கையுறை அந்த அறையில் அவசியம்.

இன்னொன்று, கத்தியை வேகமாக மாற்ற யோசிக்கும் நேரத்தில் கல் ஏன் வருகிறது என்று ஒரு வாரம் கல்பிடிப்பான் பக்கம் நின்று பாருங்கள். மழையில் தோண்டிய கிழங்கு மண்ணும் கல்லுமாக வரும்போது தொட்டியைக் காலி செய்யும் இடைவெளியை யாராவது மாற்றுகிறார்களா? பெரும்பாலும் வெயில் நாளுக்கு வைத்த டைமரே ஓடிக்கொண்டிருக்கும்.

---

ஜூஸ்ஹவுஸ் இரவு எழுதியது:

ஸ்லைசர் கையைத்தான் கேட்கும். எங்கள் பக்கம் ஆளையே கேட்கும், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

கார்பனேஷன் டேங்குக்குள் போவது. சுண்ணாம்புச் சூளையிலிருந்து வரும் வாயுவை, சாற்றைச் சுத்தப்படுத்த அதற்குள் விடுகிறோம், அந்த வாயுவில் நமக்கு வேண்டியது கார்பன் டை ஆக்சைடு, கூடவே கொஞ்சம் கார்பன் மோனாக்சைடும் இருக்கும். கார்பன் டை ஆக்சைடு காற்றை விட ஒன்றரை மடங்கு கனம், டேங்கின் அடியில் தண்ணீர் மாதிரி தேங்கி நிற்கும். மேன்ஹோலைத் திறந்து இரண்டு மணி நேரம் விட்டாயிற்று, போதும் என்பார்கள். மேலே மட்டும் திறந்தால் அது எங்கே போகும்?

இதில் பலருக்கும் தெரியாத ஒரு கணக்கு. சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம், மீட்டர் 19.5-க்குக் கீழே போனால்தான் கத்தும். டேங்கில் இருக்கும் காற்றில் 4 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு மட்டும் கலந்திருக்கிறது என்று வையுங்கள். ஆக்சிஜன் எவ்வளவு குறையும்? 20.1 வரைதான். மீட்டர் சமர்த்தாகப் பச்சை விளக்கு காட்டும். ஆனால் 4 சதவீதம், அதாவது 40,000 பிபிஎம், உடனடி உயிராபத்து என்று வகுத்திருக்கும் அளவு. வழக்கமான நாலு வாயு மீட்டரில் ஆக்சிஜன், எரிவாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும், கார்பன் டை ஆக்சைடு இருக்காது. சர்க்கரை ஆலைக்கு அந்த சென்சார் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். நாங்கள் இதைக் கண்டுபிடித்ததே ஒருவர் "தலை கனக்கிறது, ஆனால் மீட்டர் சரியாக இருக்கிறதே" என்று ஏறி வந்த பிறகுதான்.

வால்வை மூடினால் போதும் என்று நினைக்காதீர்கள். சூளை வாயு வால்வில் சுண்ணாம்புத் தூள் படிந்து முழுதாக மூடாது, கசியும். குழாய் இணைப்பான ஃபிளாஞ்சுக்கு நடுவே ஓட்டையில்லாத பிளைண்டு தகடு போட வேண்டும். எங்களுக்கு அது சுலபமானது எப்போது தெரியுமா, திருப்பிப் போடும் எட்டு வடிவத் தகட்டை நிரந்தரமாகவே வைத்தபோது. ஒரு பக்கம் ஓட்டை, ஒரு பக்கம் அடைப்பு. தகடு எங்கே, யார் எடுத்துப்போனார்கள் என்று ஸ்டோரில் தேடும் வேலை இல்லை, தூரத்திலிருந்து பார்த்தாலே மூடியிருக்கிறதா என்று தெரியும்.

டவர் டிஃப்யூசருக்கும் இதே கவனம். சீசன் முடிந்ததும் அடியில் தங்கிய சீவல் வெதுவெதுப்பில் புளிக்க ஆரம்பிக்கும், புளித்தால் அதே வாயுதான். வெளியே நிற்பவருக்கு ஒரே விதி: உள்ளே இருப்பவர் விழுந்தால் பின்னால் இறங்கக் கூடாது. ஆளை மேலே தூக்கும் டிரைபாட், கயிறு, வின்ச் முதலிலேயே மாட்டியிருந்தால்தான் இது நடக்கும், இல்லையென்றால் நண்பன் விழுந்ததைப் பார்த்துக்கொண்டு எவனும் சும்மா நிற்க மாட்டான்.

---

கிரீஸ்கன் எழுதியது:

மேலே இரண்டு பேரும் சொன்னது சரிதான், ஆனால் நான் வேறு இடத்திலிருந்து பார்க்கிறேன். சீசன் நடக்கும்போது மெஷினுக்குள் கை போகும் தடவைகளையே குறைக்கப் பாருங்கள். மூன்று நாலு மாதம் இரவு பகலாக ஓடும் ஆலை இது, எண்பதாவது நாள் விடிகாலை மூன்று மணிக்கு வேலை செய்பவன் முதல் நாள் வந்த அதே ஆள் இல்லை.

எங்களிடம் சக்கை பிரஸ்ஸின் பேரிங்குக்கு கிரீஸ் வைக்க கார்டை, அதாவது பாதுகாப்பு மூடியை, கழற்ற வேண்டியிருந்தது. கார்டுக்கு 14 போல்ட். முதல் வாரம் 14-ம் இருந்தது, ஒரு மாதத்தில் நாலு, அப்புறம் கார்டு சுவரோரமாகச் சாய்ந்து நின்றது. ஆஃப் சீசனில் கிரீஸ் குழாயை கார்டுக்கு வெளியே இழுத்து, நிப்பிள்களை ஒரே பலகையில் வரிசையாக வைத்தோம், கார்டைக் கம்பிவலையாக மாற்றினோம். இப்போது ஓடும்போதே கிரீஸ் வைக்கலாம், பெல்ட்டைப் பார்க்கக் கழற்றவே வேண்டாம். யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை, கார்டு தன்னாலே இடத்தில் இருக்கிறது.

அதே மாதிரி, கனமான கியர்பாக்ஸ், பம்ப் எல்லாவற்றுக்கும் மேலே எடை தூக்க ஒரு மோனோரெயில் தண்டவாளமும் செயின் பிளாக்கும் இருக்கிறதா என்று நடந்து பாருங்கள். இல்லாத இடத்தில் பைப்பில் கயிறு கட்டித் தூக்கியிருப்பார்கள், பைப்பில் பெயின்ட் உரிந்த தடம் காட்டிக்கொடுக்கும்.

சர்க்கரைக் கிடங்குப் பக்கம் ஒரு எச்சரிக்கை. 2008 பிப்ரவரி 7 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் போர்ட் வென்ட்வொர்த் சுத்திகரிப்பு ஆலையில் தூசி வெடித்து 14 பேர் இறந்தார்கள். கரும்புச் சர்க்கரை ஆலைதான், ஆனால் தூசிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. சர்க்கரை சேமிக்கும் சைலோவுக்கு அடியில் இருந்த கன்வேயருக்கு, சர்க்கரையில் அழுக்கு விழக்கூடாது என்று முந்தின வருடம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டில் மூடி போட்டிருந்தார்கள். தூசியை உறிஞ்ச ஏற்பாடு செய்யவில்லை, உள்ளே தூசி அடர்ந்தது, சூடேறிய பேரிங் ஒன்று பற்றவைத்திருக்கலாம் என்பது விசாரணையின் முடிவு. நல்ல எண்ணத்தில் போட்ட மூடி. அதனால் நான் மேலே சொன்ன மாதிரி எதையாவது மாற்றுவதற்கு முன்னால், இதனால் வேறு என்ன மாறும் என்று புராசஸ் ஆளையும் எலக்ட்ரிக்கல் ஆளையும் கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள். அப்புறம், சர்க்கரைத் தூசியை ஏர் ஹோஸால் ஊதித் தள்ளும் பழக்கம் உங்கள் ஆலையில் இருந்தால் நாளைக்கே நிறுத்துங்கள், வாக்குவம் வைத்து எடுங்கள்.

---

எவாப்பரேட்டர் சின்னவன் எழுதியது:

ஒரே ஒரு விஷயம். எவாப்பரேட்டர் டியூபை சோடாக் காரக் கரைசல் கொதிக்கவைத்து அப்புறம் ஆசிட் விட்டுக் கழுவுகிறோம் இல்லையா, ஆசிட் இரும்பைத் தொட்டால் ஹைட்ரஜன் வரும். எங்கள் இடத்தில் ஆசிட் உள்ளே இருக்கும்போதே ஒருவர் மேன்ஹோல் போல்ட் துருப்பிடித்துவிட்டது என்று கிரைண்டரோடு வந்தார். நல்லவேளை பிளக் பாயின்ட்டுக்கு எக்ஸ்டென்ஷன் எட்டவில்லை. அன்றிலிருந்து ஆசிட் போகும் நாளில் அந்தத் தளத்துக்கே நெருப்பு வேலை பெர்மிட் கிடையாது, படிக்கட்டில் சங்கிலி போட்டுவிடுகிறோம்.

---

சீவல்மேடை மறுபடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கல்பிடிப்பான் டைமரை இன்று போய்ப் பார்த்தேன், பழைய ஃபிட்டர் சொன்னதுதான், சீசன் தொடங்கியதிலிருந்து யாரும் தொடவில்லை. இடைவெளியைப் பாதியாக்கியிருக்கிறோம், கத்திக் கணக்கை ஒரு வாரம் எழுதிவைத்துச் சொல்கிறேன். ஐசொலேட்டரை மேலே கொண்டுவர எலக்ட்ரிக்கல் பிரிவு ஒத்துக்கொண்டது, ஆனால் இரண்டு மணி நேரம் ஸ்லைசர் நிற்க வேண்டும் என்கிறார்கள், அந்த இரண்டு மணி நேரத்தை உற்பத்திப் பிரிவிடம் வாங்குவதுதான் இப்போது என் வேலை. நாலு வாயு மீட்டரையும் எடுத்துப் பார்த்தேன், கார்பன் டை ஆக்சைடு இல்லை.

பெண்டன்ட் பற்றி, கையுறையை இழந்தாரே, அவரிடமே பேசினேன். சிரித்துவிட்டார். "அது இருக்கிறதே சார், மெஷின் வாங்கும்போதே வந்தது. வயர் வாசல் வரைக்கும் எட்டாது, அதனால் யாரும் எடுப்பதில்லை" என்றார். போய்ப் பார்த்தேன். பேனலுக்குப் பின்னால் கொக்கியில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் தொங்குகிறது. இன்னும் மூன்று மீட்டர் வயர் வேண்டும், அவ்வளவுதான்.