‘ரேங்க்’ வரும் இடமெல்லாம் ‘தரம்’ பொருந்துமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> ‘லோ ரேங்க் அடாப்டேஷன்’ என்பதைத் ‘தாழ்தரத் தகவமைப்பு’ என்று எழுதியிருக்கிறேன். சரியா?

என்று, பெரிய செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைச் சிக்கனமாகப் பயிற்றுவிக்கும் ஓர் உத்தியின் பெயரைப் பற்றித் தம்பி கேட்டிருந்தார். அதற்கு ஐயாவின் மறுமொழி:

> பாடநூலில் அணியின் தரம் என்று இருக்கிறது. ரேங்க் என்றால் தரம். எல்லாத் துறைக்கும் அதையே வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

அணி (எண்களை நிரை, நிரலாக அடுக்கிய மேட்ரிக்ஸ்) கணக்கைப் பொறுத்தவரை ஐயா சொல்வதை ஏற்கிறேன். மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் ‘அணியின் தரம்’ என்று படித்துத் தேர்வெழுதுகிறார்கள். பழகிப்போன சொல்லைப் பிடுங்குவதில் யாருக்கும் நன்மை இல்லை. ஆனால் ‘எல்லாத் துறைக்கும்’ என்பதை ஏற்க முடியவில்லை. அந்தச் சொல் துறைக்குத் துறை வேறு வேறு வேலை செய்கிறது. ஒரே தமிழ்ச்சொல்லை ஒட்டினால் சில இடங்களில் பொருளே தலைகீழாகிவிடுகிறது.

இதற்கு நிலக்கரியைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

செடிகொடிகள் சேற்றில் புதைந்து முதலில் பீட் ஆகின்றன. மேலே மண் படியப் படிய, வெப்பமும் அழுத்தமும் ஏற ஏற, அது பழுப்பு நிலக்கரியாகிறது. பிறகு பிட்டுமினஸ், கடைசியில் ஆந்த்ரசைட். ஈரமும் வாயுக்களும் வெளியேறி, கரிமத்தின் பங்கு கூடிக்கொண்டே போகிறது. இந்தப் பயணத்தில் ஒரு நிலக்கரி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதைத்தான் நிலவியலார் ரேங்க் என்கிறார்கள். அதே துறையில் ‘கிரேடு’ என்று இன்னொரு சொல்லும் உண்டு. அது வாங்குபவரும் விற்பவரும் பேசும் சொல். இந்தியாவில் 2012 முதல் எரிவெப்பத்தை வைத்து ஜி1 முதல் ஜி17 வரை பிரித்திருக்கிறார்கள். கிலோவுக்கு 7000 கிலோகலோரிக்கு மேல் இருந்தால் ஜி1. 2200 முதல் 2500 வரை என்றால் ஜி17. சாம்பல் கூடினால் எரிவெப்பம் குறையும், கிரேடு இறங்கும். ரேங்க் அதனால் மாறாது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். நெய்வேலியில் எடுப்பது பழுப்பு நிலக்கரி. எடையில் ஏறத்தாழப் பாதி ஈரம்தான். ரேங்கில் அது கீழே இருக்கிறது. ஆனால் அதில் சாம்பல் குறைவு. ஒடிசாவின் தால்சேரிலிருந்து பாரதீப் துறைமுகம் வழியாகக் கப்பலேறி நம் கடலோர அனல்மின் நிலையங்களுக்கு வரும் நிலக்கரி, ரேங்கில் நெய்வேலியைவிட மேலே இருக்கிறது. ஆனால் எரித்தால் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல் மிஞ்சுகிறது. இரண்டுக்கும் ‘தரம்’ என்று எழுதினால் ‘தரம் உயர்ந்த, ஆனால் தரம் குறைந்த நிலக்கரி’ என்றுதான் மாணவர் படிக்க வேண்டியிருக்கும். பத்திரிகைகளில் ‘தரமற்ற நிலக்கரி’ என்று வரும் செய்திகள் எல்லாம் கிரேடு பற்றியவை. ஆகவே ‘தரம்’ கிரேடுக்கே இருக்கட்டும்.

அப்படியானால் ரேங்குக்கு? ‘முதிர்வு’ என்பது என் பரிந்துரை. நிலக்கரியின் முதிர்வு, முதிர்வு மிக்க நிலக்கரி, முதிர்வு குறைந்த நிலக்கரி. ‘வயது’ என்று வைக்கலாமே என்று சிலர் சொல்லக்கூடும். வேண்டாம். மாஸ்கோ வடிநிலத்தில் உள்ள நிலக்கரி முப்பது கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது. ஆழமாகப் புதையாததால் இன்னும் பழுப்பு நிலக்கரியாகவே இருக்கிறது. வயது ஏறியும் முதிரவில்லை. ‘முதிர்வு’ என்ற சொல் இந்த வேறுபாட்டைத் தாங்குகிறது. ‘இளங்கரி, முதுகரி’ என்று சுருக்கும் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் பழந்தமிழ் படித்தவருக்கு இளங்கரி என்றதும் யானைக்கன்று நினைவுக்கு வரும். நிலக்கரி என்று முழுதாகச் சொல்வதே நல்லது.

பாறையிலும் இதே சிக்கல் உண்டு, அங்கே ஆங்கிலச் சொல் ‘கிரேடு’ என்றாலும். பல்லாவரத்துச் சார்னோக்கைட் மிகுந்த வெப்பத்தில் உருமாறிய பாறை. அதை ‘உயர்தர உருமாற்றம்’ என்று எழுதினால் கட்டடத்துக்கு உகந்த நல்ல கல் என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். அங்கேயும் ‘மிகு உருமாற்றம், குறை உருமாற்றம்’ போதும்.

அடுத்து புள்ளியியல். 1904-இல் ஸ்பியர்மேன் கொடுத்த கெழுவைப் பாடநூலில் ‘தர ஒட்டுறவுக் கெழு’ என்று படிக்கிறோம். மதிப்பெண்களை விட்டுவிட்டு முதலாவது, இரண்டாவது என்ற இடங்களை மட்டும் ஒப்பிடுவது அது. இங்கே ‘தரம்’ பொருந்தாததற்குக் காரணம் ஒன்று உண்டு. பல சோதனைகளில் மிகச் சிறிய எண்ணுக்குத்தான் 1 கொடுக்கிறோம். முதலிடம் என்பதால் அது சிறந்தது என்று ஆகாது. சரி, ‘வரிசை எண்’ என்று வைக்கலாமா? அதிலும் ஒரு முள் இருக்கிறது. மூன்றாம் இடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் உரிய இருவர் ஒரே மதிப்பெண் எடுத்திருந்தால், இருவருக்கும் 3.5 போடுவது வழக்கம். மூன்றரை என்று ஒரு வரிசை எண் கிடையாது. அதனால் ‘வரிசை மதிப்பு’ என்கிறேன். ‘வரிசை ஒட்டுறவு’ என்று கெழுவின் பெயரும் எளிதாகிவிடும். ‘இட மதிப்பு’ என்று எழுத முடியாது, தொடக்கப்பள்ளிக் கணக்கில் ஒன்றின் இடம், பத்தின் இடம் என்று அது வேறு வேலைக்குப் போய்விட்டது.

‘வரிசை’ வெறும் கியூதானே, அதில் மேல் கீழ் எங்கே என்று அக்கா ஒருமுறை கேட்டார்கள். இதற்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல ஆசை. புறநானூறு 121-இல் கபிலர் மலையமான் திருமுடிக்காரியிடம் ‘வரிசை அறிதலோ அரிதே, பெரிதும் ஈதல் எளிதே’ என்கிறார். பரிசில் கேட்டு நாலாபுறமிருந்தும் பலர் வருகிறார்கள். அள்ளிக் கொடுப்பது எளிது, அவரவர் தகுதி அறிந்து கொடுப்பதுதான் கடினம் என்கிறார். அதே பாட்டில் ‘பொதுநோக்கு ஒழிமதி’ என்றும் கேட்கிறார், புலவர்களை எல்லாம் ஒரே மாதிரிப் பார்க்காதே என்று. திருக்குறள் 528-இல் ‘பொதுநோக்கான் வேந்தன் வரிசையா நோக்கின்’ என்று இதே இரண்டு சொற்கள் எதிரெதிரே நிற்கின்றன. ஆக, வரிசைக்குள் தகுதி என்ற பொருள் சங்க காலத்திலேயே இருந்திருக்கிறது. கல்யாண வீட்டுச் ‘சீர்வரிசை’யில் அந்த மதிப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தகுதியைச் சொல்ல வரிசைக்கு வலு இல்லை என்று யாரும் கவலைப்பட வேண்டாம்.

இருந்தாலும் இன்றைய பேச்சில் அந்த நிழல் மங்கிவிட்டது உண்மை. அதனால்தான் ‘தரவரிசை’ என்ற கூட்டுச்சொல் பிடித்துக்கொண்டது. பொறியியல் சேர்க்கைக்கான தரவரிசைப் பட்டியல், கல்லூரிகளின் தேசியத் தரவரிசை, டென்னிஸ் தரவரிசை எல்லாமே தகுதியை அளந்து அடுக்குபவை. அங்கே அது நன்றாகப் பொருந்துகிறது, விட்டுவிடுவோம்.

உயிரியலில் ‘தரவரிசை’ கூடாது. குடும்பம், பேரினம், சிற்றினம் என்பவை ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் அடுக்குகள். பேரினத்தைவிடக் குடும்பம் ‘மேல்’ என்றால் அது பேரினங்களைத் தன்னுள் கொண்டது என்றுதான் பொருள், சிறந்தது என்று அல்ல. இன்னொரு இடையூறும் உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘ஆர்டர்’ என்ற அடுக்குக்கு ‘வரிசை’ என்றே பெயர். ரேங்கையும் வரிசை என்றால் ‘வரிசை என்பது ஒரு வரிசை’ என்று எழுத நேரும். இலங்கைப் பாடநூல்களில் அதற்கு ‘வருணம்’ என்றும், பேரினத்துக்குச் ‘சாதி’ என்றும், சிற்றினத்துக்கு ‘இனம்’ என்றும் இருக்கின்றன. இரு கரையினரும் சேர்ந்து பேச வேண்டிய இடம் அது, இன்னொரு நாள் தனி இழையில் பேசலாம். ரேங்குக்கு மட்டும் இரு பக்கமும் பொருந்தும்படி ‘படிநிலை’ என்று வைக்கலாம். ‘குடும்பம் என்பது ஒரு படிநிலை’ என்று எங்கும் இடறாமல் ஓடுகிறது.

மொழியியலுக்கும் ‘படி’யே பொருந்தும். மொழியியலாளர் ஹாலிடே 1961-இல் வாக்கியம், அதனுள் கிளவியம் என்னும் உள்வாக்கியம், அதனுள் தொடர், சொல், சொல்லின் மிகச்சிறு பொருள்கூறான உருபன் என்று அடுக்கிக் காட்டினார். மேல்படியில் இருக்க வேண்டிய அலகு கீழ்ப்படியில் உள்ள ஒன்றுக்குள் போய் அமர்வதை ‘ரேங்க்‌ஷிஃப்ட்’ என்பார்கள். ‘நேற்று வந்த பையன்’ என்பதில் ‘நேற்று வந்த’ என்பது எழுவாய் மறைந்த ஒரு முழுச் செய்தி. அது ‘பையன்’ என்ற பெயருக்கு அடையாக உட்கார்ந்துவிட்டது. பெயரெச்சம் இவ்வளவு தாராளமாகப் புழங்கும் நம் மொழியில் இந்தக் கருத்துக்குச் சொல் இல்லாமல் இருப்பது குறைதான். ‘படியிறக்கம்’ என்று பரிந்துரைக்கிறேன்.

படைத்துறையில் ‘ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்’ என்று நாளிதழ்கள் எழுதிப் பழக்கிவிட்டன. கர்னலாக இருப்பது வேறு, அவர் வகிக்கும் பொறுப்பு வேறு என்று பிரிக்க வேண்டியபோது மட்டும் ‘படைநிலை’ என்று எழுதலாம். சதுரங்கத்தில் கிடைவரிசை, அவ்வளவுதான்.

இனி தம்பியின் கேள்வி. அணியின் தரம் என்பது ஓர் எண்ணிக்கை. மற்ற நிரைகளைப் பெருக்கியும் கூட்டியும் பெற முடியாதபடி எத்தனை நிரைகள் தனித்து நிற்கின்றன என்று எண்ணிச் சொல்வது. எண்ணிக்கைக்குச் சிறிது, பெரிது உண்டு. தாழ்வு, உயர்வு கிடையாது. ‘தாழ்தர’ என்றதும் மட்டமான சரக்கு என்ற எண்ணம் வந்துவிடுகிறது. 2021-இல் வந்த அந்த உத்தியின் பெருமையே அதற்கு நேர் எதிரானது. ஆயிரத்துக்கு ஆயிரம் அளவுள்ள ஓர் அணியில் பத்து லட்சம் எண்கள். அதை மாற்றாமல் வைத்துக்கொண்டு, ஆயிரத்துக்கு எட்டு, எட்டுக்கு ஆயிரம் என்ற இரண்டு சிறிய அணிகளின் பெருக்கலை மட்டும் கூட்டினால், பயிற்றுவிக்க வேண்டியவை 16,000 எண்கள்தான். இதில் மட்டம் என்று எதுவும் இல்லை, சிக்கனம்தான் இருக்கிறது. அதனால் ‘சிறுதரத் தகவமைப்பு’ என்று எழுதுங்கள். முழு எண்ணிக்கையும் இருந்தால் ‘முழுத்தர அணி’. குறைந்தால் ‘தரங்குறைந்த அணி’ என்று எழுதாமல் ‘முழுத்தரம் அல்லாத அணி’ என்று எழுதுங்கள். கொஞ்சம் நீளம்தான், ஆனால் தவறான எண்ணம் வராது.

ஐயா, ‘தரம்’ என்ற சொல்லைக் கணக்கில் தொடக்கூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். அதன் முன்னால் ஒட்டும் அடைமொழியை மட்டும்தான் மாற்றியிருக்கிறேன்.

குழுமத்தில் நிலவியல் படித்தவர்களும் நெய்வேலிச் சுரங்கத்தில் பணிபுரிந்தவர்களும் இருந்தால் ஒன்று கேட்க வேண்டும். சுரங்கத்தில் தமிழில் பேசும்போது ‘முதிர்ந்த கரி’, ‘பச்சைக் கரி’ என்பது போன்ற சொற்கள் புழக்கத்தில் உண்டா? இருந்தால் ‘முதிர்வு’க்கு முன்பாக அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. இரண்டு வாரம் பொறுத்திருந்து, அதன்பிறகு விக்சனரி இணைய அகராதியில் துறைவாரியாகப் பதிகிறேன்.