ஜீப்ரா மீன் கருவின் தொடு உணர்வு: பீசோ2பி என்று முடித்துவிடலாமா?

செவுள்:
ஜீப்ரா மீன் கரு எந்தச் சேனலை (செல் சவ்வில் திறந்து மூடும் புரத வாசலை) வைத்துத் தொடுதலை உணர்கிறது என்ற கேள்விக்கு இன்னும் எத்தனை நாள் 'ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்' என்றே பதில் சொல்வது? பீசோ2பி. அவ்வளவுதான். கருவின் தண்டுவடத்தில் ரோஹோன்-பியர்டு என்ற தொடு உணர்வு நியூரான்கள் இருக்கின்றன, அவற்றின் கிளைகள் தோல் முழுக்கப் பரவிக் கிடக்கின்றன, அந்த நியூரான்களில் பீசோ2பி இருக்கிறது, 2013இல் அதை மட்டுப்படுத்தியபோது மெல்லத் தொட்டாலும் குஞ்சு சரியாக விலகவில்லை. போதாததற்கு, அது செல் சவ்வு இழுபட்டால் திறக்கிற சேனலும்கூட. இதற்கு மேல் என்ன வேண்டும்?

கூர்ஊசி:
அந்த 2013 வேலை மார்ஃபோலினோ வைத்துச் செய்தது, அதைச் சொல்லாமல் தாண்டிவிட்டீர்கள். மார்ஃபோலினோ என்ற செயற்கை மூலக்கூறு மரபணுவைத் தொடாது, அதன் நகலான ஆர்.என்.ஏ.வைத்தான் அடைக்கும். 2015இல் ஒப்பிட்டபோது மார்ஃபோலினோ காட்டிய குறைகளில் சுமார் 80 சதவீதம், அதே மரபணுவையே கெடுத்த மீன்களில் காணவில்லை. டி.ஆர்.பி.ஏ.1 என்ற இன்னொரு சேனலின் கதை நினைவிருக்கிறதா? 2004இல் ஒலியை உணரும் காதின் மயிர்செல்லில் உள்ள சேனல் அதுதான் என்றார்கள், ஜீப்ரா மீனில் மார்ஃபோலினோ போட்டதும் அதற்கு ஒரு ஆதாரம். பிறகு அந்த மரபணு இல்லாத எலிக்குக் காது நன்றாகவே கேட்டது, 2008இல் அந்த மரபணு கெட்ட மீனும் மயிர்செல்லில் குறையில்லை என்று காட்டிவிட்டது.

முட்டையோடு:
குறுக்கே ஒரு சந்தேகம். தொட்டால் நகரவில்லை என்பதை வைத்து உணரவில்லை என்று எப்படிச் சொல்வது? நகர முடியாமலும் இருக்கலாமே.

கூர்ஊசி:
சரியான கேள்வி, பலர் சறுக்கும் இடமும் அதுதான். கருவுற்று 17 மணி நேரத்திலேயே கரு தானாகச் சுருண்டு சுருண்டு அசையும், தொடுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 21 மணி வாக்கில் தொட்டால் சுருளும், 27 வாக்கில் தொட்டால் நீந்தி ஓடும். 'ரிலாக்ஸ்டு' என்ற பிறழ்வில் (மரபணு மாறிய மீனில்) கரு அசைவதே இல்லை, கோளாறு தசையின் கால்சியம் சேனலில். உணர்வு நரம்பைக் குறை சொல்ல முடியாது. 1996இல் ஜெர்மனியின் டூபிங்கனில் பெரிய அளவில் பிறழ்வு மீன்களைச் சலித்தார்கள், அதில் 'மாச்சோ' கிடைத்தது. அது தசையால் வந்த குறை இல்லை, ரோஹோன்-பியர்டு நியூரானில் நரம்புத் துடிப்பை எழுப்பும் சோடியம் மின்னோட்டமே குறைவு. காரணமான மரபணு தெரியவந்தது 2015இல்: பி.ஐ.ஜி.கே., புரதங்களைச் செல் சவ்வோடு கொழுப்புக் கொக்கியில் மாட்டிவிடுகிற எந்திரத்தின் ஒரு பாகம். பீசோவுக்கும் அதற்கும் என்ன உறவு சொல்லுங்கள்.

செவுள்:
உறவு இல்லை, அதைத்தான் நானும் சொல்கிறேன். அந்தக் கொக்கி எல்லாச் செல்லிலும் உண்டு. மெயின் சுவிட்சை அணைத்தால் ரேடியோ நிற்கும், அதற்காகப் பாடியது மெயின் சுவிட்ச் என்பீர்களா? அப்புறம் அந்த 80 சதவீதம் இரண்டு பக்கமும் வெட்டும். ஒரு மரபணுவைக் கெடுத்தால் அதன் உறவுக்கார மரபணுக்கள் கூடுதலாக வேலை செய்து குறையை மறைப்பதும் அதே 2015இல் இதே மீனில்தான் காட்டப்பட்டது. மீனை விடுங்கள், 2014இல் பீசோ2 (பீசோ2பியின் பாலூட்டி இணை) நீக்கிய எலி மெல்லிய தொடுதலைப் பெரும்பாலும் இழந்தது. 2016இல் அந்த மரபணு பழுதான இரண்டு நோயாளிகளுக்குக் கண்ணை மூடினால் கை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. இதில் மார்ஃபோலினோ எங்கே வந்தது?

கூர்ஊசி:
எலிக்கும் மனிதனுக்கும் ஒத்துக்கொள்கிறேன், வாதமே இல்லை. ஆனால் நீங்கள் தொடங்கியது மீன் கருவில். அங்கே எனக்கு வேண்டிய சோதனை, மெல்லிய தொடுதலுக்கு அசையாத 'தூஷே' பிறழ்வில் நடந்த மாதிரி. 2010இல் அந்த மீனின் நரம்புக் கிளைமீது நுண்முனையை வைத்து மின்சாரம் கொடுத்தார்கள், நியூரான் துடித்தது. அதே முனையால் அழுத்தினார்கள், சாதாரண மீனில் சில நியூரான்களில் துடிப்புக்கு முன் எழும் தொடக்க மின்னழுத்தம் இதில் எங்கும் எழவில்லை. நியூரானில் ஒளி உணரும் சேனலைப் புகுத்தி வெளிச்சம் காட்டினால் உடல் அசைகிறது. ஆக தசை சரி, நரம்பு இணைப்பு சரி, அழுத்தம் மின்சாரமாக மாறும் அந்த ஒரு படியில்தான் ஓட்டை. பீசோ2பி மரபணுவையே கெடுத்த கருவில் இதைச் செய்து காட்டினால் உங்கள் பக்கம் வந்துவிடுகிறேன்.

முட்டையோடு:
அப்படியானால் ஊசியால் தொட்டு 'விலகியது, விலகவில்லை' என்று எண்ணுவது மட்டும் போதாதா? நான் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்.

செவுள்:
சலிப்பதற்குப் போதும், தீர்ப்பு எழுதப் போதாது. இது ஒன்றில் அவர் சொல்வது சரி. முதல் பதிவில் 'அவ்வளவுதான்' என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். பீசோ2பியை இல்லை.