ஃபனுக் பழகிய கையோடு ஜெர்மனியில் ஹைடன்ஹைன் முன்னால் நிற்பவர்களுக்கு

அம்பத்தூரில் ஏழு வருஷம் ஃபனுக் கண்ட்ரோல் இருக்கிற வி.எம்.சி. (கம்ப்யூட்டர் ஓட்டுகிற செங்குத்து மில்லிங் மெஷின்) ஓட்டியவன் நான். ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்த முதல் வாரமே ஹைடன்ஹைன் கண்ட்ரோல் (ஃபனுக் மாதிரியே மெஷினை ஓட்டுகிற கம்ப்யூட்டர், கம்பெனி வேறு) இருக்கிற மெஷினில் நிறுத்திவிட்டார்கள். நாலு ஓட்டை போடுகிற ஜாப்தான். ஊரில் ஓட்டை போடுகிற கட்டளையான ஜி81 போட்டு, கீழே எக்ஸ் ஒய் மட்டும் எழுதிக்கொண்டே போவோமே, அதே நினைப்பில் இங்கே ஓட்டை போடுகிற சைக்கிள் 200-ஐ டிஃபைன் செய்துவிட்டு நாலு பொசிஷனையும் எழுதி ஸ்டார்ட் அழுத்தினேன். ஸ்பிண்டில் சுற்ற, சாமி ஊர்வலம் மாதிரி நாலு இடத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. ஒரு ஓட்டைகூட விழவில்லை. மாய்ஸ்டர் (எங்கள் ஃபோர்மேன்) பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே டிஃபைன் செய்தால் மட்டும் போதாது, கூப்பிடவும் வேண்டும். ஒவ்வொரு பொசிஷன் வரியின் கடைசியிலும் ‘சைக்கிளை இங்கே ஓட்டு’ என்கிற எம்99, இல்லையென்றால் சைக்கிள் கால்.

இது சிரித்துவிட்டுப் போகிற தப்பு. சிரிக்க முடியாதது ஆழம். ஃபனுக்கில் ஜி90-யில் (எல்லா அளவும் ஜீரோவிலிருந்து) இசட் என்பது ஓட்டையின் அடி எங்கே என்பது. இங்கே க்யூ201 என்பது மேற்பரப்பிலிருந்து எவ்வளவு ஆழம் என்பது, மேற்பரப்பு எங்கே என்பதை க்யூ203-இல் தனியாகச் சொல்ல வேண்டும். மேற்பரப்பு மைனஸ் 10-இல் இருக்கிறது, ஆழம் 20 என்றால் ஊரில் இசட் மைனஸ் 30 என்று எழுதுவோம். அதே மைனஸ் 30-ஐ க்யூ201-இல் போட்டால் டிரில் 10 மில்லி கூடுதலாக இறங்கி வைஸையும் பதம் பார்த்துவிடும்.

இன்னொன்று, முழு வேகத்தில் நகரச் சொல்கிற எஃப்மேக்ஸ் அந்த ஒரு வரிக்கு மட்டும்தான். ஃபனுக்கின் ஜி00 மாதிரி அடுத்த வரிக்கும் தொடரும் என்று நினைத்து விட்டுவிட்டால் மெஷின் கட்டிங் ஃபீடில் காற்றில் ஊர்ந்துகொண்டிருக்கும். டூல் நீளத்துக்கு ஜி43 தேட வேண்டாம், டூல் கால் கொடுத்தாலே நீளத்தை டூல் டேபிளிலிருந்து எடுத்துக்கொள்ளும். அந்த டேபிளில் ஆர் என்பது ரேடியஸ், விட்டத்தைப் போட்டுவிடாதீர்கள்.

‘எனக்கு ஜி கோடு தெரியுமே, ஐஎஸ்ஓ முறையில் ஜி கோடாகவே எழுதிவிடுகிறேன்’ என்று ஆரம்பிக்காதீர்கள், தயவுசெய்து. ஹைடன்ஹைன் ஐஎஸ்ஓ-வில் ஜி28 என்றால் ஹோமுக்குப் போவது இல்லை, மிரர் இமேஜ். ஜி54 என்றால் டேட்டம் ஷிஃப்ட், அதாவது ஜீரோ புள்ளியை நகர்த்துவது. பேர் ஒன்று, வேலை வேறு. அதைவிட ஹைடன்ஹைனின் சொந்த மொழியான க்ளார்டெக்ஸ்ட் கற்றுக்கொள்வது சுலபம்: எல் பட்டனை அழுத்தினால் எந்தப் புள்ளி, ரேடியஸ் காம்பன்சேஷன் உண்டா, ஃபீட் என்ன என்று அதுவே ஒவ்வொன்றாகக் கேட்கும்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுப் பழகுகிற ஹைடன்ஹைன் புரோகிராமிங் ஸ்டேஷனின் டெமோ இலவசம். ஒரு புரோகிராமுக்கு 100 வரிதான் தரும், பழக அது தாராளம். ஊரில் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிய ஒரு ஜாபை எடுத்து, பழைய புரோகிராமைப் பார்க்காமல், டிராயிங்கை மட்டும் வைத்து முதலிலிருந்து எழுதுங்கள். நான் இரண்டு வாரம் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் இதைத்தான் செய்தேன், பாதி பயம் அதிலேயே போய்விட்டது.

திரையை ஆங்கிலத்துக்கு மாற்றலாம், ஆனால் மாற்றாதீர்கள் என்பேன். அடுத்த ஷிஃப்ட்காரர் கடுப்பாவார் என்பது ஒரு பக்கம், மாய்ஸ்டர் கத்துவது ஜெர்மனில்தான், அதுவும் இந்தப் பக்கத்து ஷ்வேபிஷ் கொச்சையில், பி1 வகுப்பில் படித்தது எதுவும் காதில் ஏறாது. வெர்க்ட்சாய்க் டூல், ஃபோர்ஷூப் ஃபீட், ட்ரேட்சால் ஆர்பிஎம், நுல்புங்க்ட் ஜீரோ, ஐன்ட்சல்சாட்ஸ் சிங்கிள் பிளாக். இந்த ஐந்தும் முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். அப்புறம், கதவு சுவிட்சை ஏமாற்றி ஓட்டுகிற பழக்கம் இருந்தால் அதை விமானத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

உங்களுக்குக் கொடுத்திருக்கிற ஹைடன்ஹைன் மாடல் ஐடிஎன்சி 530-ஆ, டிஎன்சி 640-ஆ, டிஎன்சி7-ஆ என்று பார்த்து எழுதுங்கள். திரை மூன்றிலும் ஒரே மாதிரி இருக்காது, அதைப் பொறுத்துச் சொல்கிறேன்.