பாட்டி வீட்டுப் பட்டாளம்: கோப்பியும் புது மணலும்

மார்ச் 7, சனி

[காலை 9:12] மாலதி: அண்ணி, உங்கள் பூனைக்கு என்ன மணல் போடுகிறீர்கள்? கயலுக்கு இந்த வாரம் மூன்று ராத்திரி இளைப்பு. நீல இன்ஹேலர் தலையணைக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது.

[9:13] மாலதி: நேற்று டாக்டர் வீட்டில் என்ன புகை, என்ன தூசி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சாம்பிராணி நிறுத்தி ஒரு வருஷம் ஆச்சு என்றேன். பூனை மணல் என்றதும் எழுதுவதை நிறுத்திவிட்டு, "அதை யார் கொட்டுவது? எங்கே கொட்டுவது?" என்று கேட்டார்.

[9:20] ரேவதி அண்ணி: இன்னும் அந்தக் களிமண் மணல்தானா?

[9:21] மாலதி: ஆமாம், பத்துக் கிலோ மூட்டை. மலிவு, கட்டியும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் இன்று காலை என் வீட்டுக்காரர் சமையலறைப் பின்பக்கம் கொட்டும்போது நின்று பார்த்தேன். வெயில் உள்ளே விழும் நேரம். அந்த வெளிச்சத்தில் தூசி எழும்பிச் சுழன்று, கொட்டி முடித்து மூட்டையை மடித்த பிறகும் இறங்கவே இல்லை. கம்பில் காய்ந்த கறுப்புச் சட்டையில் விரலால் கோடு போடலாம். ஜன்னல் வலையைத் துடைத்தால் டிஷ்யூ சாம்பல் நிறமாகிறது.

[9:34] பெரியப்பா: காலை வணக்கம். மணலா? யார் வீடு கட்டுகிறார்கள்?

[9:35] மாலதி: பூனைக்குப் பெரியப்பா. கோப்பியும் முறுக்கும் கக்கூஸ் போகும் பெட்டிக்கு.

[9:36] பெரியப்பா: சரி சரி. எங்கள் காலத்தில் அடுக்குமாடி புளோக் கீழே பூச்செடி மண்ணில் தானே போய்க் குழிதோண்டி மூடிவிட்டு வரும்.

[9:41] தினேஷ்: அத்தை, அந்த மணல் பெண்டோனைட் என்கிற களிமண். தண்ணீர் பட்டால் உப்பிப் பிடித்துக்கொள்ளும், அதனால்தான் கட்டி. காய்ந்திருக்கும்போது பொடி. அதில் நுண்ணிய சிலிக்காவும் உண்டு. உங்கள் பெட்டிக்கு மூடி வேறு இருக்கிறது. பூனை உள்ளே தோண்டும்போது கிளம்பும் தூசி வெளியே போக வழியில்லை, அது மூக்கைப் புதைத்து அதையேதான் இழுக்கிறது.

[9:42] தினேஷ்: கோப்பி இருமுகிறாளா? தரையோடு படுத்து, கழுத்தை முன்னால் நீட்டி, வாந்தி வருவது போல ஆனால் ஒன்றும் வராமல்?

[9:44] மாலதி: இல்லைடா. தும்மல் மட்டும்தான்.

[9:44] தினேஷ்: அப்படி இருமினால் பூனைக்கும் ஆஸ்துமாவாக இருக்கலாம். உடனே விலங்கு மருத்துவரிடம் காட்டுங்கள்.

[9:50] ரேவதி அண்ணி: டோஃபு மணலுக்கு மாறு. நான் இரண்டு வருஷமாக அதுதான். ஒரு மூட்டை 6 லிட்டர்.

[9:51] பெரியப்பா: பூனை மணலுக்கும் இங்கிலீஷில் லிட்டர்தானே? 6 லிட்டர் லிட்டரா? ஒரே குழப்பமாக இருக்கிறது.

[9:52] பெரியப்பா: அப்புறம், பூனைக்கு எதற்கு டோஃபு? டோஃபு போட்ட யோங் தவ் ஃபூ ஒரு கிண்ணம் என்ன விலை விற்கிறது தெரியுமா?

[9:55] ரேவதி அண்ணி: சோயா பால் எடுத்த பிறகு மிஞ்சும் சக்கை பெரியப்பா. அதை மாவோடு சேர்த்து, இடியாப்பம் பிழிவது போலப் பிழிந்து, துண்டு துண்டாக வெட்டிக் காயவைத்திருப்பார்கள். தூசி ரொம்பக் குறைவு. ஆனால் மூட்டையைத் திறந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் கொட்டிவிடு மாலதி. போன டிசம்பர் மழையில் எனக்கு அரை மூட்டை பூஞ்சணம் பிடித்துப் போய்விட்டது.

[9:58] மாலதி: இன்று சாயங்காலமே வாங்கிவிடுகிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

[காலை 7:03] செல்வம்: என் ரிசர்விஸ்ட் ராணுவப் பயிற்சிப் பை.

[7:03] செல்வம்: நாளைக் காலை முகாமுக்குப் போக வேண்டும். உள்ளே மடித்து வைத்த நம்பர் 4 ராணுவ உடுப்பு வரை நனைந்துவிட்டது.

[7:10] பெரியப்பா: மாப்பிள்ளை, மழையா?

[7:11] செல்வம்: கோப்பி.

[7:15] மாலதி: நேற்று ராத்திரி பெட்டியைக் கழுவிக் காயவைத்து முழுக்க டோஃபு கொட்டினேன். முறுக்கு உள்ளே போய் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்துவிட்டு வந்துவிட்டான். கோப்பி எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

[7:31] தினேஷ்: அத்தை!!! ஒரே ராத்திரியில் முழுசாக மாற்றினீர்களா?

[7:32] மாலதி: பின்னே? குழந்தைக்கு இளைக்கிறது, தவணை முறையிலா மாற்றுவது?

[7:38] தினேஷ்: அவளுக்கு அது பெட்டியே இல்லை. எட்டு வருஷம் காலுக்குத் தெரிந்த பொடி ஒன்று. திடீரென்று குச்சி குச்சியாகக் குத்துகிறது. அதுவும் வாசனை போட்டதா வாங்கினீர்கள்?

[7:39] மாலதி: பீச் பழ வாசனை. வீடு மணக்குமே என்று.

[7:40] தினேஷ்: நமக்கு மணக்கும். அவள் மூக்குக்கு அது பூட்டிய காரில் சென்ட் பாட்டில் உடைந்த மாதிரி. வாசனையில்லாதது வாங்குங்கள்.

[7:44] தினேஷ்: இப்போதைக்குப் பழைய களிமண்ணை அவள் பெட்டியில் திரும்பப் போடுங்கள். மூடியைக் கழற்றிவிடுங்கள். பக்கத்திலேயே இன்னொரு பெட்டி, அதில் மட்டும் புது மணல், ஐந்தாறு சென்டிமீட்டர் ஆழம். எதில் போகிறாள் என்று பாருங்கள். இரண்டு பூனைக்கு மூன்று பெட்டி இருந்தால் நல்லது, இரண்டாவது கட்டாயம்.

[7:46] மாலதி: அப்போது களிமண் தூசி?

[7:49] தினேஷ்: கயல் பள்ளிக்குப் போன நேரத்தில் ஜன்னலைத் திறந்துவைத்துக் கொட்டுங்கள். மூட்டையைப் பெட்டிக்குள்ளேயே சாய்த்து மெதுவாக இறக்கினால் பாதித் தூசி எழாது. மாமா நின்றுகொண்டு இடுப்பு உயரத்திலிருந்து கவிழ்க்கிறார், நான் பார்த்திருக்கிறேன்.

[7:50] செல்வம்: என் பையைப் பற்றி யாரும் பேசவில்லை.

[7:52] ரேவதி அண்ணி: என்சைம் கலந்த சோப்பு நீரில் ஊறவையுங்கள் மாப்பிள்ளை. அமோனியா கலந்தது எதுவும் வேண்டாம், அவளுக்கு அது மூத்திர வாடைதான், மறுபடியும் அங்கேயே போவாள்.

[7:58] தினேஷ்: முக்கியமான ஒன்று. முறுக்கு ஆண். புது மணல் பிடிக்காமல் அடக்கிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்துச் சும்மா இருந்துவிடாதீர்கள். அடிக்கடி பெட்டிக்குப் போய் முக்கி ஒரு சொட்டும் வரவில்லை என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது, அந்த மணியிலேயே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

[11:20] சுகன்யா: அக்கா, நான் புதன்கிழமை வருகிறேன். பெட்டியை நானே அள்ளிவிடுகிறேனே, நீ ஓய்வெடு.

[11:21] ரேவதி அண்ணி: ஐந்து மாதக் கர்ப்பத்தில் பூனைப் பெட்டிப் பக்கமே போகாதே.

[11:23] தினேஷ்: ஆமாம் சித்தி. பூனை மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருந்தால், அது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாள் முதல் ஐந்து நாள் ஆகும். அதனால் தினமும் அள்ளுவது நல்லது. ஆனால் அள்ளுவது நீங்களாக இருக்க வேண்டாம்.

மார்ச் 11, புதன்

[மாலை 6:40] மாலதி: கயல் ஒரு சோதனை செய்தாள். கறுப்பு ஆர்ட் காகிதம் மூன்று. ஒவ்வொன்றிலும் ஒரு முழ உயரத்திலிருந்து ஒரு கோப்பை மணல் கொட்டி, மணலை எடுத்துவிட்டுப் படம் பிடித்தோம். கொட்டியது நான். அவள் முகமூடி போட்டு, கதவருகே நின்று உத்தரவு போட்டாள்.

[6:41] மாலதி: (படம்) (படம்) (படம்)

[6:42] மாலதி: முதலாவது களிமண், காகிதமே வெள்ளையாகிவிட்டது. இரண்டாவது டோஃபு, அங்கங்கே மஞ்சள் பொட்டுகள். மூன்றாவது பைன் மரத்துண்டு, சுத்தம். 

[6:50] பெரியப்பா: அப்போது மரம்தானே ஜெயித்தது?

[6:52] மாலதி: கொட்டும்போது ஜெயிக்கிறது. ஈரம் பட்டதும் மரத்தூளாக உதிர்கிறது, அது காய்ந்தால் மறுபடி தூள். துண்டும் சுண்டுவிரல் நகம் அளவு இருக்கிறது. முறுக்கு அதன்மேல் ஒரு கால் வைத்துவிட்டு என்னை முறைத்தான்.

[6:55] தினேஷ்: கயலுக்கு நூற்றுக்கு நூறு. மூட்டையில் 99 விழுக்காடு தூசியில்லை என்று போட்டிருப்பதை நம்புவதைவிட இந்தக் காகிதத்தை நம்பலாம். டோஃபு மூட்டையின் அடியில்தான் பொடி தங்கும், கடைசிக் கைப்பிடியைக் கொட்டாதீர்கள். மாவு சல்லடையில் சலித்தால் இன்னும் நல்லது.

[6:56] மாலதி: அம்மாவின் சல்லடையையா? எனக்கு உயிர்மேல் ஆசை இருக்கிறது. தேக்கா சந்தையில் வேறு வாங்குகிறேன்.

மார்ச் 14, சனி

[காலை 10:05] மாலதி: முறுக்கு மூன்று நாளாக டோஃபுவில்தான் போகிறான். முதல் நாள் தின்றதோடு சரி. கோப்பி களிமண்ணை விட்டு நகர மாட்டேன் என்கிறாள். பத்தில் ஒரு பங்கு டோஃபு கலந்தேன், பரவாயில்லை. நேற்றுப் பாதிக்குப் பாதியாக்கினேன், குளியலறைக் கால்மிதியில் போய்விட்டாள்.

[10:07] தினேஷ்: பத்திலிருந்து பாதிக்குத் தாவினால் எப்படி அத்தை? பின்னால் போங்கள், மறுபடி பத்தில் ஒன்று.

[10:30] அம்மா: (குரல் பதிவு, 1:52)

[10:36] ரேவதி அண்ணி: பெரியப்பாவுக்குக் காது சரியாகக் கேட்காது என்பதால் அத்தை குரல் பதிவில் சொன்னதை எழுதுகிறேன். "நான் நாற்காலியில் உட்கார்ந்து நாள் பூரா அவளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். புதுப் பெட்டியிலும் ஏறத்தான் செய்கிறாள். ஆனால் நாலு காலையும் விளிம்பில் வைத்து நிற்கிறாள். ஒரு காலை இறக்கிப் பார்க்கிறாள், உதறுகிறாள். பிறகு மணலைத் தோண்டாமல் சுவரைச் சுரண்டுகிறாள். அவளுக்கு வாடை பிரச்சினை இல்லை, காலுக்குத்தான் பிடிக்கவில்லை. ஊரில் எங்கள் வீட்டுப் பூனை அடுப்புச் சாம்பலில்தான் போகும், அவ்வளவு மெத்தென்று இருக்கும். இவளும் கீழே செடி மண்ணில் வளர்ந்தவள்தானே. பொடிசாக ஏதாவது வாங்கிக் கொடுங்கள்."

[10:41] தினேஷ்: பாட்டி, நான்கு நாளாக நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது!

[10:43] தினேஷ்: அத்தை, உங்களிடம் இருக்கும் குச்சியின் தடிமன் எவ்வளவு?

[10:50] மாலதி: கயல் ஸ்கேல் வைத்துப் பார்த்தாள். 3 மில்லிமீட்டர்.

[10:52] தினேஷ்: ஒன்றரை மில்லிமீட்டர் குச்சியும் கிடைக்கும். உடைத்துப் பொடிசாக்கியதும் உண்டு, ஆனால் அதில் தூசி கொஞ்சம் கூடும். முதலில் மெல்லிய குச்சி வாங்குங்கள். அவளுடைய பழைய கட்டி ஒன்றை அதற்குள் புதைத்து வையுங்கள், தன் இடம் என்று தெரியும்.

[10:55] ரேவதி அண்ணி: டோஃபு கட்டி களிமண் போலக் கெட்டியாக இருக்காது. உடனே அள்ளினால் உடையும், கொஞ்ச நேரம் விட்டு அடியோடு சுரண்டி எடு. அப்புறம், கழிவறையில் ஊற்றலாம் என்று மூட்டையில் போட்டிருப்பான். வேண்டாம். குழாய் அடைத்தால் கீழ்வீட்டு மலாய் மக்சி அத்தைக்குத்தான் முதலில் பொங்கும். பையில் கட்டிக் குப்பைக் குழாயில் போடு.

[11:02] பெரியப்பா: எல்லாம் சரி, வீவக, அதுதான் வீடமைப்பு வளர்ச்சிக் கழக ஆட்கள் வந்து கேட்டால்?

[11:04] மாலதி: சிங்கப்பூரில் 2024 செப்டம்பர் 1 முதல் வீவக அடுக்குமாடி வீட்டில் இரண்டு பூனை வளர்க்கலாம் பெரியப்பா. உரிமம் வாங்கி, மைக்ரோசிப்பும் போட்டாயிற்று.

[11:05] பெரியப்பா: அட. முன்பெல்லாம் கதவைத் தட்டினால் பூனையை அலமாரிக்குள் வைப்பார்கள்.

மார்ச் 24, செவ்வாய்

[இரவு 9:15] மாலதி: இன்று கோப்பி மெல்லிய குச்சிப் பெட்டியில் சிறுநீர் கழித்தாள். பத்து நாளில் முதல் தடவை. அம்மா கைதட்டியதில் பயந்து ஓடிவிட்டாள்.

[9:16] தினேஷ்: பாட்டி, கைதட்டக் கூடாது!

[9:20] அம்மா: (குரல் பதிவு, 0:06)

[9:21] ரேவதி அண்ணி: "நான் சாமிக்குத்தான் கைதட்டினேன்" என்கிறார்.

ஏப்ரல் 5, ஞாயிறு

[காலை 8:48] மாலதி: களிமண் பெட்டியைக் கோப்பி ஆறு நாளாகத் தொடவில்லை. நேற்று எடுத்துவிட்டேன். மலம் மட்டும் சில நாள் அதில்தான் போய்க்கொண்டிருந்தாள், அதையும் மாற்றிக்கொண்டாள்.

[8:55] சுகன்யா: கயல் எப்படி இருக்கிறாள் அக்கா?

[8:58] மாலதி: பத்து நாளாக ராத்திரி எழவில்லை. ஆனால் டாக்டர் தடுப்பு இன்ஹேலரின் அளவையும் அதே வாரம்தான் மாற்றினார். எது வேலை செய்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஜன்னல் வலை துடைத்த டிஷ்யூ மட்டும் இப்போது வெள்ளையாகத்தான் வருகிறது.

[9:01] தினேஷ்: பூனையின் எச்சில், தோல் செதிலால் ஒவ்வாமை இருந்தால் அதற்கும் மணலுக்கும் சம்பந்தமில்லை. டாக்டர் சொன்னால் அந்தப் பரிசோதனையையும் செய்துவிடுங்கள்.

[9:02] மாலதி: அடுத்த மாதம் தேதி வாங்கியிருக்கிறேன்.

[9:10] மாலதி: யாருக்காவது களிமண் மணல் வேண்டுமா? பிரிக்காத மூட்டை இரண்டு, பத்துப் பத்துக் கிலோ.

[9:14] பெரியப்பா: எனக்குக் கொடு. என் கூட்டாளியின் லாரி எண்ணெய் ஒழுகுகிறது. அதன்மேல் போட்டால் உறிஞ்சிக்கொள்ளும்.

[9:15] செல்வம்: நான் கொண்டுவந்து தருகிறேன் பெரியப்பா. இடுப்பு உயரத்திலிருந்து கொட்ட மாட்டேன்.

[9:16] பெரியப்பா: வா மாப்பிள்ளை. மத்தியானம் மீன் கறி. பையை மட்டும் கீழே வைக்காதே, இங்கேயும் ஒரு பூனை வந்துபோகிறது.